தூரிகை எழுத்தும் முறுக்கு டப்பாவும்

என் பேச்சைக் கேட்கத் தொடங்குமுன் நீங்கள் ஒரு சின்னக் காரியம் செய்ய வேண்டும். உங்கள் அடுக்களையில் பிஸ்கட்டோ, மசாலைத் தூளோ, ஊறுகாயோ அடைத்த டப்பாக்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்றிலாவது பொருளின் பெயர் பெரிதாக, சற்றே சாய்ந்து, யாரோ தூரிகையை மையில் தொட்டு ஒரே வீச்சில் எழுதினாற்போல இருக்கும். இப்போது அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதெல்லாம் நேராக நிற்கும் சாதாரண எழுத்தில் இருக்கும்.

ஒரே டப்பாவில் ஏன் இரண்டு விதமான எழுத்து? நாற்பது வயதுவரை நானும் இதைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமல் இருந்ததால் ஒரு பெண்ணின் காசு வீணாயிற்று. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். அக்கா உதிர்ந்த பழம் பொறுக்கப் போவார். அதுவும் வேலை இருக்கும் நாள்களில்தான். முறுக்குப் பிழிவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பிற்பகல் என்னைத் தேடி வந்தார். "டீச்சர், இந்த வருசம் பட்டணத்துக் கடையில வச்சு விக்கலாம்னு இருக்கேன். டப்பாவுக்கு அழகா ஒரு லேபல் போட்டுத் தாங்க" என்றார். மாவுக்கும் எண்ணெய்க்கும் டப்பாவுக்கும் போட்டது சீட்டெடுத்த பணம்.

நான் பெருமையோடு மடிக்கணினியைத் திறந்தேன். எழுத்துப் பட்டியலில் மேலும் கீழும் தேடிக் கையெழுத்துப் போலவே இருந்த ஒன்றைப் பிடித்தேன். அதன் பெயர் மிஸ்ட்ரல். 'அம்மா முறுக்கு' என்று ரூமியில் அடித்தேன், அத்தனையும் பெரிய எழுத்தில். பெரிய எழுத்தென்றால் பளிச்சென்று தெரியும் என்பது என் கணக்கு. தமிழ் வரிக்கும் அதே சாயலில் தடித்த தூரிகை எழுத்து ஒன்றைத் தேடிப் போட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது என்று சேர்மானம், எடை, தேதி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் அந்த எழுத்துகளிலேயே பொடிப்பொடியாக அடித்து முடித்தேன். மொத்தம் 200 லேபல்.

டப்பாக்கள் கடைக்குப் போயின. கடைத் தவுக்கே ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இது என்ன சாமான் என்று கேட்டாராம். பெயரை அவரால் படிக்க முடியவில்லை. வாங்கிப் போன சிலர் இன்னும் வேண்டுமென்று கைப்பேசியில் அழைத்திருக்கிறார்கள்; அழைப்பு வேறு யாருக்கோ போயிருக்கிறது. பொடி எழுத்தில் மை பரவி 3 எது, 8 எது என்று தெரியவில்லை. ஒரு தாயார், தம் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பதற்காக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபலைப் படித்துப் பார்த்திருக்கிறார். கடலை எண்ணெயா வேறு எண்ணெயா என்பதே அவருக்கு விளங்கவில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா என்னிடம் வந்தபோது கோபப்படவில்லை. "முறுக்கு நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க டீச்சர். யாரும் கூப்பிடத்தான் மாட்டேங்கிறாங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தூரிகை எழுத்து எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தேடிப் படித்தேன்.

கணினியும் அச்சகமும் பெருகுவதற்கு முன்னால் கடைப் பலகை, விலைச்சீட்டு, விளம்பரத் தட்டி எல்லாவற்றையும் ஓவியர்கள் கையால் எழுதினார்கள். தட்டையான தூரிகையைப் பிடித்து மளமளவென்று எழுதிக்கொண்டே போவார்கள். வேகமாக எழுதுவதால் எழுத்து சாயும். கோடு தொடங்கும் இடத்தில் தடித்தும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். மை வற்றும்போது ஓரம் பிசிறும். பார்ப்பவருக்கு அதில் ஓர் உயிர் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓவியரைத் தேடிப் போக வேண்டும், அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அச்சகத்தில் இருந்த ஈய எழுத்துகளோ பெரும்பாலும் புத்தக எழுத்துகள். பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி விறைப்பாக நிற்பவை.

அந்த உயிரை ஈயத்திலேயே வார்த்துவிடலாமே என்று சிலர் முயன்றார்கள். அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்மித் என்பவர் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்ற எழுத்து வெளிவந்தது. 1951இல் பீட்டர் டொம்ப்ரீஸியன் வரைந்த 'டாம் கேஷுவல்' வந்தது. இந்த இரண்டும் இரண்டு குணம். பிரஷ் ஸ்கிரிப்டில் சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு போகும். டாம் கேஷுவலில் தூரிகைச் சாயல் இருந்தாலும் எழுத்துகள் தனித்தனியாகவே நிற்கும். கடைக்காரர் அவசரத்துக்கு எழுதி மாட்டிய விலை அட்டையைப் போல இருக்கும்.

என்னை மாட்டிவிட்ட மிஸ்ட்ரல் 1953இல் பிரான்சு நாட்டில் பிறந்தது. அதை வரைந்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன். 1910இல் மார்செய் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தவர். பிறகு ஓவியத்தின் பக்கம் போனவர். மார்செயில் இருந்த ஒலீவ் என்ற எழுத்து வார்ப்பகத்துக்காகப் பல எழுத்துகளை வரைந்தார். மிஸ்ட்ரலுக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி தம் சொந்தக் கையெழுத்து. பெயர் மட்டும் ஒரு காற்றின் பெயர். தெற்குப் பிரான்சில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக, வடக்கிலிருந்து கடலை நோக்கிக் குளிர்ந்து சீறிக்கொண்டு வரும் காற்றை அவ்வூர் மக்கள் மிஸ்ட்ரல் என்பார்கள். எழுத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். காற்றில் துணி பறப்பதுபோல ஓர் எழுத்து மேலே எழும்பும், அடுத்தது கீழே இறங்கும்.

இதைச் செய்வது அப்படி ஒன்றும் இலேசான வேலை இல்லை. எப்படி என்று சொல்கிறேன். இரயில் தண்டவாளத்தில் சரக்கு வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. எந்தப் பெட்டியை எதன் பின்னால் மாட்டினாலும் சேர்ந்துகொள்ளும். காரணம், எல்லாப் பெட்டிகளுக்கும் கொக்கி ஒரே உயரத்தில் இருக்கிறது. ஈய எழுத்தும் அப்படித்தான். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக ஒரு சின்ன ஈயத் துண்டின் தலையில் நிற்கும். ஓர் எழுத்தின் வால் அந்தத் துண்டின் ஓரத்தில் எந்த உயரத்தில் முடிகிறதோ, அதே உயரத்தில் அடுத்த எழுத்தின் தலைப்பு தொடங்க வேண்டும். ஒரு மயிரிழை தவறினாலும் நடுவில் வெள்ளைக் கீறல் தெரிந்துவிடும். கையெழுத்து என்று யாரும் நம்பமாட்டார்கள். நாம் கையால் எழுதும்போது அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து வாலை மேலேயோ கீழேயோ இழுத்துக்கொள்கிறோம். ஈயத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. எந்த எழுத்துப் பக்கத்தில் வந்தாலும் பொருந்தும்படி ஒரே வாலை வரைந்தாக வேண்டும். அதையும் வரைந்து, எழுத்துகள் துள்ளுவதுபோலவும் காட்டியிருக்கிறார் எக்ஸ்கோஃபோன். கொக்கி மட்டும் ஒரே உயரம், பெட்டிகள் குட்டையும் நெட்டையும்.

இங்கேதான் என் முதல் தவறு இருக்கிறது. இந்தக் கொக்கி சின்ன எழுத்துகளுக்குத்தான் உண்டு. பெரிய எழுத்துகளை, ஒரு சொல்லின் முதலில் ஒன்றே ஒன்று வருவதற்காகக் கொஞ்சம் ஆடம்பரமாக வரைந்து வைத்திருப்பார்கள். அவற்றையே வரிசையாக நிறுத்தினால் திருமண வீட்டில் பத்து மாப்பிள்ளைகளை ஒரே மேடையில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். தவுக்கேயால் படிக்க முடியாமல் போனதில் வியப்பில்லை. உங்கள் பிள்ளைகள் கணினியில் இத்தகைய எழுத்தில் ஏதாவது அடித்தால் முதல் எழுத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சின்ன எழுத்தாகவும் அடிக்கச் சொல்லுங்கள்.

சரி, இந்த எழுத்தை எங்கே வைக்கலாம்? வானொலி கேட்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. செய்தி வாசிப்பவரின் குரல் உங்களுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரின் குரலும் தெரியும். தூரிகை எழுத்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல். அது கூப்பிடும், சிரிக்கும், வாங்க என்று சொல்லும். ஆகவே பிரான்சு நாட்டில் முடி திருத்தும் கடை, ரொட்டிக் கடை, காப்பிக் கடை என்று எங்கே பார்த்தாலும் எக்ஸ்கோஃபோனின் எழுத்துகள் பலகைகளில் ஏறின. 1955இல் அவர் வரைந்த 'ஷோக்' என்ற இன்னொரு தூரிகை எழுத்து மிகவும் தடித்தது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்கும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உரக்கப் பேசுகிறாற்போல இருக்கிறது. ஆனாலும் கடைக்காரர்களுக்குப் பிடித்திருக்கிறது.

பின்னால் ஈயம் போய்க் கணினி வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளோடு சேர்ந்து மிஸ்ட்ரலும் பிரஷ் ஸ்கிரிப்டும் உலகத்தின் எத்தனையோ கணினிகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. நம் பள்ளிக்கூடங்களுக்கும் அப்படித்தான் வந்தன. 2011இல் வெளிவந்த 'டிரைவ்' என்ற ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில் பெயர்களை இளஞ்சிவப்பு மிஸ்ட்ரலில் காட்டினார்கள். அறுபது ஆண்டை நெருங்கிய எழுத்து, இரவு நேரத்துப் பட்டணத்தில் கார் ஓட்டுகிறவனின் கதைக்குப் புதிதாகத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது.

அதே குரல் பொருந்தாத இடங்களும் உண்டு. தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கிற மருந்துத் தோம்பின் மேல் இருக்கும் எச்சரிக்கையை நினைத்துப் பாருங்கள். பாராகுவாட் என்ற கொடிய மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல் தடை செய்துவிட்டார்கள். ஆனால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக்கூடாத மருந்துகள் இன்னும் இருக்கின்றன. 'நஞ்சு' என்ற சொல்லைத் துள்ளுகிற எழுத்தில் எழுதினால் யார் பயப்படுவார்கள்? மருத்துவமனைச் சீட்டு, பேருந்து நேரம், பள்ளித் தேர்வு அட்டவணை எல்லாமே இந்த வகைதான். ஒருமுறை கருமக்கிரியை அறிக்கை ஒன்றை இப்படிப்பட்ட கொண்டாட்ட எழுத்தில் அடித்திருந்ததைப் பார்த்தேன். இறந்தவர் எனக்கு உறவில்லை. இருந்தாலும் மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

உணவு டப்பாவின் பின்பக்கமும் இந்தக் கணக்கில்தான் சேரும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதச் சொல்கின்றன. வேர்க்கடலை, பால், முட்டை போல, சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். படிக்க முடியாமல் எழுதினால் எழுதாததற்குச் சமம்தானே!

இனி நம் தமிழ் எழுத்துக்கு வருவோம். தமிழில் எழுத்துகள் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. ஆதலால் கொக்கித் தொல்லை நமக்கு இல்லை. ஆனால் வேறு தொல்லைகள் உண்டு. முதலாவது புள்ளி. 'முறுக்கு' என்ற சொல்லில் முதல் ககரத்தின் தலையில் ஒரு புள்ளி வேண்டும். தூரிகை தடிமனாக இருந்தால் புள்ளி இறங்கிக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பொடியாக அச்சடித்தால் காணாமலே போய்விடும். அப்புறம் 'முறுககு' என்றுதான் படிக்க வேண்டும். இரண்டாவது சுழி. றன்னகரத்துக்கு இரண்டு சுழி, டண்ணகரத்துக்கு மூன்று சுழி என்று இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். தடித்த தூரிகையில் அந்தச் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுவிடும். 'கடலை எண்ணெய்' என்ற இரண்டே சொல்லில் மூன்று சுழி எழுத்து இரண்டு முறை வருகிறது. அந்தத் தாயார் கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல் நின்றது இதனால்தான். மூன்றாவது, ரகரமும் துணைக்காலும். அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

இன்னொரு சங்கதியும் தேடும்போது கண்ணில் பட்டது. கையால் எழுதினால் ஒரே எழுத்து இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. அச்செழுத்தில் விழும். 'முறுக்கு' என்பதை ரூமியில் எழுதினால் 'யூ' என்ற எழுத்து மூன்று முறை வரும், 'கே' இரண்டு முறை வரும். மூன்று யூவும் அச்சில் வார்த்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றாகவே இருந்தால், இது கையெழுத்து இல்லை என்று கண் கண்டுபிடித்துவிடும். இப்போது புதிதாகச் செய்யும் கணினி எழுத்துகள் சிலவற்றில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வரைந்து வைத்து, அடுத்தடுத்து வரும்போது தானாக மாறும்படி செய்கிறார்கள். பழைய மிஸ்ட்ரலுக்கு அந்த வித்தை கிடையாது.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் அக்காவை நானே தேடிப் போனேன். இந்த முறை லேபலுக்கான செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "அதெல்லாம் வேணாம் டீச்சர், படிக்கிற மாதிரி இருந்தா போதும்" என்றார்.

ரூமி வரியை மிஸ்ட்ரலிலேயே வைத்துக்கொண்டோம். முதல் எழுத்து மட்டும் பெரிது, மற்றவை சின்ன எழுத்து, லேபலின் குறுக்கே நல்ல அகலமாக. நிழல் போடவில்லை, வண்ணக் கோடு சுற்றவில்லை. தமிழ் வரிக்கு வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பிரெஞ்சுக்காரர் தம் கையெழுத்தைத்தானே எடுத்துக்கொண்டார்? இந்த அக்காவுக்கும் கை இருக்கிறதே! பள்ளியில் ஓவியத்துக்கு வைத்திருக்கும் தூரிகையும் கறுப்பு மையும் வரைதாளும் எடுத்துக்கொண்டு போய், "நீங்களே எழுதுங்க அக்கா" என்றேன். நான்காம் வகுப்போடு நின்றவர் அவர். "என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்" என்று கூச்சப்பட்டார். பதினொரு முறை எழுதினார். முதல் நான்கும் கோணல். ஐந்தாவதிலிருந்து கை இளகிவிட்டது. முறுக்குப் பிழியும் கை அல்லவா, சுழியெல்லாம் தானாகவே உருண்டு வந்தது. ஏழாவதைத் தேர்ந்தெடுத்துப் படமாக எடுத்துக் கணினியில் ஏற்றினேன்.

மற்றதெல்லாம் சாதாரண நேர் எழுத்து. சேர்மானம் தனி வரியில். கடலை எண்ணெய் என்பது கொஞ்சம் தடித்து. கைப்பேசி எண்ணை இரண்டு துண்டாகப் பிரித்து நடுவில் இடம் விட்டோம். அச்சடிக்கக் கொடுக்குமுன் ஒரே ஒரு தாள் எடுத்து டப்பாவில் ஒட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தோம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மாமியாரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்துப் படிக்கச் சொன்னோம். படித்துவிட்டார். மூன்றாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு ரூமி வரியையும் எண்ணையும் வாசிக்கச் சொன்னோம். எண்ணை ஒரு தடவை கூடத் தடுமாறாமல் சொன்னான். பிறகு அந்த எண்ணை அழைத்தும் பார்த்தோம். அடுப்புத் திட்டில் இருந்த அக்காவின் கைப்பேசி ஒலித்தது.

அந்தத் தீபாவளிக்கு டப்பாக்கள் எல்லாம் விற்றுப் போயின. தீபாவளி முடிந்தும் அழைப்புகள் வந்தன. ஆனால் அக்காவுக்கு ஒரு குறை. ககரத்தின் மேல் இருக்கும் புள்ளி நடுவில் இல்லையாம், ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறதாம். எனக்கு அந்தப் புள்ளி பிடித்திருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. பன்னிரண்டாவது முறை எழுதிப் பார்க்க வேண்டுமாம். தூரிகையைக் கழுவி எடுத்துக்கொண்டு வருகிற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.